பள்ளிக்கூட வாசலில் நடந்த சோதனை

பிரிஸ்கில்லா டீச்சர் திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு நடத்தினார். அகரத்திலிருந்து அவர் வரும் பஸ் மணியடிக்கிற நேரத்துக்குத்தான் வந்து சேரும். அதற்கு முன்னால் பள்ளி வாசலில் நடப்பது எதையும் அவர் பார்த்ததில்லை. 1991 ஜூலையில் ஒருநாள் முந்தைய பஸ் கிடைத்துவிட்டது.

வாசலுக்குள் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் வட்டமாக நின்றார்கள். நடுவில் தவரஞ்சினி. யாழ்ப்பாணத்திலிருந்து படகேறித் தப்பி வந்து, அகதி முகாமில் தாயோடு இருக்கிற பிள்ளை. அவள் புத்தகங்கள் மண்ணில் கொட்டிக் கிடந்தன. ஒருத்தி அவள் சோற்றைக் குச்சியால் கிளறினாள். இன்னொருத்தி அவள் கழுத்தைச் சுற்றித் தடவினாள்.

"சயனைடு குப்பி இல்லடி. இன்னைக்கு விட்ருவோம்."

மே மாதம் முன்னாள் பிரதமரைக் கொன்ற குண்டுவெடிப்புக்குப் பிறகு, போராளிகள் கழுத்தில் சயனைடு குப்பி என்று பேப்பரில் வந்ததெல்லாம் இங்கே விளையாட்டாகிவிட்டதா? தவரஞ்சினி அழவுமில்லை. பழக்கப்பட்டவளாகத் தானே தலையை நிமிர்த்திக் கழுத்தைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

"என்னடி பண்றீங்க?"

வகுப்புத் தலைவி நான்சி கொஞ்சமும் பதறவில்லை. "பி.டி. மிஸ்தான் டீச்சர் தினமும் பாக்கச் சொன்னாங்க."

டீச்சர் நேரே தலைமையாசிரியையிடம் போனார்.

"பெத்தவங்க பயப்படுறாங்க பிரிஸ்கில்லா. பாத்தா என்ன கொறைஞ்சு போயிரும்?"

"இனி யாராச்சும் அந்தப் பிள்ளை மேல கை வச்சா, கல்வி அதிகாரிகிட்ட நானே போய் நிப்பேன் மேடம்" என்றார் டீச்சர்.

சோதனை நின்றது. மத்தியானம் தவரஞ்சினியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கேட்டார். "நான் உனக்கு என்ன செய்யணும்? சொல்லு தாயி."

"அகதி எண்டு கூப்பிட வேண்டாமெண்டு சொல்லுங்கோ டீச்சர். எனக்குப் பேர் இருக்கு."

அன்றிலிருந்து டீச்சர் முந்தைய பஸ்ஸில்தான் வந்தார். வாசலில் நின்று அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு உள்ளே அழைத்துப் போனார். நான்சியை அவள் பக்கத்தில் உட்கார வைத்ததற்கு நான்சியின் அப்பா ராயப்பராஜ் வந்து சத்தம் போட்டார். டீச்சர் இடத்தை மாற்றவில்லை. ஆரம்பத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்ட நான்சி, பரீட்சை நெருங்கியபோது கணக்குக் கேட்க அவளிடமே திரும்பினாள்.

தவரஞ்சினி பத்தாவது பாஸாகி மிட்டாயோடு வந்தபோது, வெகுநாளாக மனதில் கிடந்ததை டீச்சர் கேட்டார். "வாசல்ல தினமும் சோதிச்சப்பவே ஏன் எங்கிட்ட வந்து சொல்லல?"

"நீங்களும் சேர்ந்துதான் செய்யச் சொன்னனீங்கள் எண்டு நினைச்சன் டீச்சர்."