வெட்டு சாயும் பக்கம்

நீலாய் நகரில் என் வீட்டு மேசையில் ஒற்றை நெகட்டிவ் ஒன்று கிடக்கிறது. காலையிலிருந்து அதைத் திருப்பித் திருப்பிப் போடுகிறேன். படத்தில் இருக்கும் அக்கா போய்ச் சேர்ந்துவிட்டாள், சுவரில் மாட்டப் பெரிய படம் வேண்டும் என்கிறாள் அவள் மகள். எந்தப் பக்கத்தைக் கீழே வைத்து ஸ்கேன் செய்வது? மங்கல் மருந்துப் பக்கம், மினுக்கல் வெறும் பிலிம் என்பார்கள். கறுப்பு வெள்ளைக்குச் சரி. கலர் பிலிமோ இரண்டு பக்கமும் மினுக்கும், கல்யாண வீட்டுச் சம்பந்திகள் மாதிரி. ஓரத்து எழுத்து நேராக இருக்கிறதா என்று பார்க்கலாம். அதைப் பூஞ்சை தின்றுவிட்டது.

மூக்கருகே கொண்டுபோனேன். புளித்த வாடை. உடனே ரந்தாவ் பக்கத்து எங்கள் தோட்டம், மரத்தடி மங்குக் கிண்ணத்தில் தேங்கிய ரப்பர் பால், எந்தச் சோப்புக்கும் அடங்காத அக்காவின் கைகள்.

படம் எடுத்தவன் நான்தான், நண்பரே. எண்பதுகளில், தொழிற்சாலையில் சேர்ந்த புதிது, இரவல் கேமரா. அக்கா பால்மரத்தில் கை ஊன்றி நின்றாள், மரம் அவளுக்கே பட்டா போட்டது போல. சிரம்பான் கடையொன்றில் கழுவிப் பெரிதாக்கி மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பினோம். வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா பலகாரத்தைத் தொடவில்லை. படத்தையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"படத்துல மச்சம் இடது கன்னத்துல. இங்க வலதுல. ஒரு பொண்ணக் காட்டி இன்னொண்ணத் தள்ளி விடுறீங்களா?"

"ஒரே பொண்ணுதான்லா எங்களுக்கு!" என்றாள் எங்கள் அம்மா. ஏற்கெனவே ஒரு சம்பந்தம் தட்டிப் போயிருந்தது. இதுவும் போனால் லயத்து வீடுகள் முழுக்க அக்காவுக்கு 'மச்சம் மாறினவள்' என்றே பேர்.

அக்கா தட்டைக் கீழே வைத்தாள். "அத்த, மச்சத்த விடுங்க. மரத்தப் பாருங்க. பால் எறங்குற வெட்டு எந்தப் பக்கம் சாயுது?"

மாப்பிள்ளையின் அப்பா மண்டோர், வெட்டுக்காரர்களை மேய்ப்பவர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். "அட! வலதுல தொடங்கி இடதுல எறங்குது. எந்த மடையன் வெட்டுனான்?"

"மடையன் படத்தக் கழுவுனவன், மாமா. பிலிமத் திருப்பிப் போட்டுட்டான். மரம் நான் வெட்டுனது."

அந்த அம்மாளும் பால்வெட்டுக்காரிதான். உளி இடது மேலிலிருந்து வலது கீழே இறங்கும் என்று அவர் கைக்கே தெரியும். விரலால் காற்றில் ஒரு கோடு இழுத்துப் பார்த்தார். பிறகு முறுக்கை எடுத்துக் கடித்தார். "வாய் நீளந்தான். பரவால்ல, எனக்கும் அப்படித்தான்."

வெட்டைப் பார்த்து இன்று படத்தை நேராக்கினேன். இருந்தாலும் மனம் அடங்கவில்லை. நேரானது, இடவலம் மாறியது இரண்டையும் அக்கா மகளுக்கு அனுப்பி, வெட்டைப் பாரம்மா என்றேன்.

"என்ன வெட்டு மாமா? ரெண்டுமே அம்மாதானே. எதையாச்சும் போடுங்க."

விளக்க ஒரு பால்மரம் வேண்டுமே. காரை எடுத்தேன். தோட்டம் இருந்த இடத்தில் எண்ணெய்க்குப் போட்ட செம்பனை. அதைத் தாண்டினால் புது வீடுகள். அப்புறம் மறுபடியும் செம்பனை. வெட்டு விழுந்த மரம் ஒன்று கண்ணில் படட்டும், திரும்பிவிடலாம் என்று ஓட்டிக்கொண்டே போனேன். சி ரூசாவில் கடல் வந்துவிட்டது.