நிறம் ஏறாத சிப்பி

சிந்தாமணி கடலைப் பார்த்தது ஒரே ஒரு தடவை. ஆனால் பன்னிரண்டு வருஷமாகக் கடலடிச் சேற்றைச் சலித்துக்கொண்டிருந்தாள். அரியலூரில் ஒரு கல்லூரி ஆய்வகம். கிழக்கே ஒரு கழிமுகத்தில், ஒரே இடத்தில், மாசிக்கு மாசி அள்ளிய சேறு அங்கே பக்கெட் பக்கெட்டாக வந்து சேரும். அதோடு கெடாமலிருக்க மருந்தும் ஒரு சிவப்புச் சாயமும் கலந்திருக்கும். அள்ளும்போது உயிரோடிருந்த உடம்பில்தான் சாயம் ஏறும். வெறும் ஓடு வெளுப்பாகவே கிடக்கும்.

சாயங்காலம் வரதராஜன்பேட்டை பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் மூக்கைச் சுளிப்பார். “என்னக்கா, இன்னிக்கும் கடல்ல முங்கிட்டு வரீங்களா?”

“ஆமாங்க. உங்களுக்குத்தான் மீன் எடுத்தார மறந்துட்டேன்.”

முதல் வருஷம் பதினேழு வகை உயிர்கள் கிடைத்தன. வகைக்கு ஒரு குப்பி வைத்தாள். அவற்றில் விரல்நகம் அளவு ஒரு சிப்பி; திறந்தால் உள்ளே செம்பருத்தி மொட்டுப் போலச் சதை. அதன்மேல் அவளுக்குத் தனி ஆசை.

பிறகு கழிமுகத்துக்கு மேலே ஆற்றோரம் ஆலைகள் வந்தன. வந்த சேறு கறுத்து, அழுகிய முட்டை வாடை அடித்தது. குப்பிகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. நூல் போன்ற ஒரு புழு மட்டும் நூற்றுக்கணக்கில் பெருகியது.

“எண்ணிக்கை கூடியிருக்கேக்கா,” என்றான் ஆராய்ச்சி மாணவன் அறிவழகன்.

“கூட்டம் கூடுது தம்பி. எல்லாம் ஒரே முகம்.”

மூன்று வருஷமாகச் சிப்பி வரவில்லை. இந்த மாதக் கடைசியில் அவளுக்கு வேலை முடிகிறது. இந்த மாசி பக்கெட்தான் கடைசி. ஒரு தடவையாவது அதைப் பார்த்துவிட்டுப் போகவேண்டும் என்றிருந்தது.

அடிச்சேற்றைச் சலித்தபோது சல்லடையில் தங்கியது. இரண்டு ஓடும் இறுக மூடிய சிப்பி. அறிவழகன் எட்டிப் பார்த்தான்.

“வந்துடுச்சுக்கா! ஒண்ணுன்னு எழுதிக்கவா?”

“இருங்க.”

“மூடித்தானே இருக்கு.”

திறக்காமல் விட்டால் கணக்கில் அது ஒன்றாகவே இருக்கும். சற்றுநேரம் உள்ளங்கையில் வைத்திருந்தாள். பிறகு ஊசியை நுழைத்துப் பிளந்தாள். உள்ளே முழுக்கக் கறுப்புச் சேறு. கழுவிப் பார்த்தாள். துளி சிவப்பில்லை.

“இல்லன்னு எழுதுங்க தம்பி.”

அவன் பேனாவைப் பிடித்தபடி நின்றான். “அரியலூர்க் குவாரிக் கல்லுக்குள்ள, ஒரு காலத்துல அங்க கடல் இருந்தப்போ செத்துக் கல்லாப்போன சிப்பி இருக்குமே, அது மாதிரி ஆயிடுச்சுக்கா.”

“அங்க கடலே போயிடுச்சு, சிப்பி செத்துச்சு. இந்தச் சிப்பிக்குக் கடல் அப்படியேதானே இருக்கு?”

சிப்பியின் குப்பியைக் கழுவி, மற்றக் காலிக் குப்பிகளோடு கவிழ்த்து வைத்தாள். பெயர்ச்சீட்டை மட்டும் கிழிக்கவில்லை.