கூட்டாளியின் வருமானத்தை நான் தேடிய விதம்

நோர்வேயில் யாருடைய வருட வருமானத்தையும் வரி அலுவலகத்தின் இணையத்தளத்தில் தேடிப் பார்க்கலாம். தேடியவர் யார் என்பதைத் தேடப்பட்டவரும் பார்க்கலாம். இதில் முதல் பாதி மட்டும் ஞாபகத்தில் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையில்தான் என் கூட்டாளி ரவியின் பெயரைத் தட்டினேன்.

ஒன்பது வருடமாக நானும் ரவியும் ஒஸ்லோவில் வீடுகளுக்கு பெயின்ற் அடிக்கும் சின்னக் கம்பனி நடத்துகிறோம். அவன் சுவர், நான் கணக்கு. வேலை கூடினால் நானும் சுவர். எந்தச் சுவருக்கு எத்தனை பூச்சு என்று மணிக்கணக்காகக் கதைப்போம். வீட்டுச் செலவுக்குச் சம்பளம் காணுமா என்று ஒருநாளும் கேட்டதில்லை. எங்கள் ஆட்களிடையே அப்படிக் கேட்பது, உன்னில் நம்பிக்கையில்லை என்று சொல்வதற்குச் சமம்.

போன வருடத்திலிருந்து ரவி சனி, ஞாயிறில் வேலைக்கு வருவதில்லை. போனும் எடுப்பதில்லை. அவனுடைய வருமானமோ, கம்பனி கொடுப்பதைவிட நிறையக் கூட இருந்தது. எங்கள் வாடிக்கையாளர்களைத் தனக்கென்று பிடிக்கிறான் என முடிவுகட்டினேன். துப்பறியும் நாவல்கள் நிறைய வாசிப்பவன் நான். தவறான ஆளைச் சந்தேகிப்பதில் நல்ல பயிற்சி உண்டு.

மறுநாள் ஒஸ்லோவின் ரொம்மன் பகுதியில் ஒரு வீட்டு வரவேற்பறையில் வேலை. ரவி ரோலரைக் கீழே வைத்தான்.

“மச்சான், நேற்று என்னைத் தேடினனியாம்?”

“ஆர் சொன்னது?”

“உன்ரை பேர் முழுசாக் கிடக்குது. கேக்க வாயில்லையோ உனக்கு?”

கேட்டேன். “தனிய வேலை எடுக்கிறியோ?”

கம்பனிச் சாவியை எடுத்து பெயின்ற் வாளியின் மூடியில் வைத்தான்.

“அப்பிடி நினைச்சா, இதை நீயே வைச்சிரு. சனி ஞாயிறு லில்லெஸ்ட்ரோமிலை பஸ் ஓடுறன்.”

“எனக்கு ஏன் சொல்லேல்லை?”

“சொன்னா சம்பளத்தைக் கூட்டித் தா எண்டு கேட்டமாதிரிப் போகும். நீயே உன்ரை சம்பளத்தைக் குறைச்சுப்போட்டு இருக்கிறாய்.”

அது ரகசியம். இருவருக்கும் முழுச் சம்பளம் கொடுக்கக் கம்பனியால் முடியாமல் போனபோது, சத்தமில்லாமல் என்னுடையதை வெட்டியிருந்தேன்.

“உனக்கு எப்பிடித் தெரியும்?”

“நான் உன்னை முந்தியே தேடினனான். ஆர் தேடினது எண்டு நீ பாக்கிறேல்லைப் போலை.”

என் வருமானம் குறைந்ததைப் பார்த்துவிட்டு, என்னிடம் கூட்டிக் கேட்க மனமில்லாமல் அவன் பஸ் ஓடப் போயிருக்கிறான். அவன் வருமானம் கூடியதைப் பார்த்துவிட்டு நான் அவனைக் கள்ளனாக்கியிருக்கிறேன்.

வெறும் வாளிகளைக் கவிழ்த்து உட்கார்ந்தோம். முதலில் என் சம்பளத்தைச் சொன்னேன். பிறகு வீட்டுக் கடன். அவனும் தன்னுடையதைச் சொன்னான். தெரிந்த ஆட்களிடம் விலை சொல்ல வெட்கப்பட்டு, பாதி விலைக்கு அடித்துக் கொடுத்த வீடுகளின் பட்டியல் அதன்பின் தானாக வந்தது.

விலையைக் கூட்டினோம். சம்பளம் இருவருக்கும் ஒரே அளவு என்றானது. தெரிந்த ஆட்கள் இரண்டு பேர் கோபித்துக்கொண்டு வேறு கம்பனிக்குப் போனார்கள். அன்று வாளியை விட்டு எழும்பும்போதே ரவி சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டான். ஆனால் மத்தியானச் சாப்பாட்டைத் தனியாக இருந்துதான் சாப்பிட்டான்.

சேர்ந்து தொழில் தொடங்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: முதல் சுவரைத் தொடுமுன், உங்களுக்கு மாதம் எவ்வளவு வேண்டும் என்று ஒருவருக்கொருவர் வாய்விட்டுச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் கூச்சமாக இருக்கும். நான் அந்த ஐந்து நிமிடத்துக்குப் பயந்து, பக்கத்தில் நின்றவனைப் பற்றி அரசாங்கத்திடம் கேட்டேன்.