ஜெபமணி அண்ணனின் கண்ணாடி டப்பா

வத்தலக்குண்டு சபைச் செயலாளரின் போன் வந்தபோது நான் திண்டுக்கல் வீட்டில், குழாய் சரிபார்க்க வந்தவருக்கு உலகத்தின் நீர்வளம் குறித்துப் பேருரை ஆற்றிக்கொண்டிருந்தேன். “ஐயா, ஜெபமணி அண்ணன் போயிட்டாரு. சாயங்காலம் எடுக்குறோம்” என்றார். பேருரை பாதியில் நின்றது. குழாய்க்காரர் பிழைத்தார். என் பேச்சை நிறுத்தும் அதிகாரம் அண்ணனுக்கு அப்போதும் இருந்தது.

அவரோடு பழகிய உங்களுக்கு இது புரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஹார்டுவேர் கடை வைத்திருந்தவர் அண்ணன். அந்தச் சபையில் நான் போதகராக இருந்த காலமெல்லாம் மூன்றாம் பெஞ்சின் ஓரம் அவருடைய சிம்மாசனம். பிரசங்கம் தொடங்கியதும் தகர டப்பாவைத் திறந்து கண்ணாடியை மாட்டிக்கொள்வார். போதும் என்று தோன்றினால் கழற்றி உள்ளே வைத்து மூடுவார். டப்! கொடைக்கானல் மலை ஒருமுறை குலுங்கி அமரும். கொடைரோட்டில் நிற்கும் ரயில் தனக்குத்தான் சிக்னல் என்று எண்ணிக் கிளம்பிவிடும். நான் ஆமென் சொல்லிவிடுவேன்.

ஓர் அறுப்பின் பண்டிகையன்று நோவாவைப் பேழையில் ஏற்றி, வெள்ளம் வடிந்ததா என்று பார்க்கப் புறாவையும் அனுப்பிவிட்டு, அவரை இறக்க மனமில்லாமல் பேசிக்கொண்டிருந்தேன். வெளியே விருந்துச் சோறு வெந்துகொண்டிருந்தது. டப்!

பந்தியில் அவரைப் பிடித்துக்கொண்டேன். “என்னண்ணே, அனுப்புன புறா இன்னும் திரும்பலையே, அதுக்குள்ள மூடிட்டீங்க?”

“அது அப்பவே வந்துருச்சுங்கய்யா. கறிக்கொழம்பு வாசத்துக்கு மொத பந்தியில உக்காந்துருக்கு. நீங்கதான் லேட்டு.”

மாற்றலாகிப் போகும் கடைசி ஞாயிற்றுக்கிழமை மட்டும் அந்தச் சத்தம் வரவில்லை. ஆதாமில் ஆரம்பித்து, என் மனைவி கட்டிவைத்திருந்த பாத்திர மூட்டைவரை பேசித் தீர்த்தேன். டப்பா திறந்தே கிடந்தது. வெளியே வந்து, “ஏண்ணே மூடல?” என்று கேட்டேன்.

“மூடுனா கெளம்பிருவீங்களேய்யா” என்றார்.

மாறிப்போன போதகர் பழைய சபையில் தலைகாட்டக் கூடாது என்பது எங்கள் எழுதாத சட்டம். புதிதாக வந்தவர் வேரூன்ற வேண்டும் அல்லவா? “ஒரு தடவ வந்து செத்த நேரம் பேசுங்கய்யா, டப்பாவத் தொடவே மாட்டேன்” என்று அண்ணன் போனில் இழுப்பார். நான் போனதில்லை.

அன்று சாயங்காலம்தான் போனேன். மூன்றாம் பெஞ்சின் ஓரத்தை யாரும் நிரப்பவில்லை. இப்போதைய போதகர், தங்கமான பிள்ளை, “அஞ்சு நிமிஷம் பேசுங்கய்யா” என்றார். வெள்ளம் வந்த வைகையிடம் ஒரு சொம்பு மட்டும் வா என்றால் வருமா?

பேசினேன். எனக்கு முன்னால் சவப்பெட்டி திறந்திருந்தது. நான் முடித்ததும் அதை மூடுவதற்கு இரண்டு பேர் தயாராக நின்றார்கள். நான் பேசும்வரைதான் அவர் முகம் தெரியும். ஆகவே நோவாவைக் கூப்பிட்டேன், மோசேயைக் கூப்பிட்டேன். கைக்குழந்தைகள் அழுதன. பெரியவர்கள் நெளிந்தார்கள். என்னை யாரும் நிறுத்தவில்லை. நிறுத்த வேண்டியவர் பெட்டிக்குள் இருந்தார்.

டப்!

முதல் பெஞ்சில் அவர் மனைவி சரோஜா அக்கா. மடியில் அந்தத் தகர டப்பா.

“போதும்யா” என்றார் மெதுவாக. “அம்புட்டையும் அவரு கேட்டுட்டாரு.”

நான் ஆமென் சொன்னேன். பெட்டியை மூடினார்கள்.

கல்லறையிலிருந்து திரும்பும்போது வெட்கத்தை விட்டு அக்காவிடம் அந்த டப்பாவைக் கேட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டே என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“அதெல்லாம் தர மாட்டேன். புது ஐயா ஒங்களுக்கு மேல இழுக்குறாரு. சபை என்னத்துக்கு ஆகுறது?”

ஆக, டப்பா வத்தலக்குண்டிலேயே இருக்கிறது. அதன் சத்தம் மட்டும் என்னோடு திண்டுக்கல் வந்துவிட்டது. அண்ணனைப் பற்றிச் சொல்ல இன்னும் ஒரு மலையளவு இருக்கிறது. ஆனால் இப்போது அந்த ‘டப்’ கேட்டுவிட்டது.

ஆமென்.