ஒரே தொண்டையில் ராஜாவும் கோமாளியும்

என் சித்தி வாயைத் திறந்தால் இடியும் மின்னலும் கைகட்டி, "அக்கா பேசி முடிக்கட்டும்" என்று ஓரமாக நிற்கும். எட்டு நாட்டுக் கோமாளிகள் அவள் நாக்கில் வாடகை இல்லாமல் குடியிருக்கிறார்கள். கொஞ்சம் கூட்டிச் சொல்கிறேன். கொஞ்சம்தான்.

வாரத்தில் ஆறு நாள் சித்தி லாண்டரி கவுண்டரில் துணி வாங்கி வைப்பவள். ஞாயிற்றுக்கிழமை நிழல் பொம்மலாட்டக்காரி. விளக்குக்கும் வெள்ளைத் திரைக்கும் நடுவில் தோல் பொம்மைகளை ஆட்டுவாள். ராஜாவுக்குக் குரல் சித்தப்பா, கோமாளிக்குச் சித்தி. ராஜா பேசுவது பூராவும் செந்தமிழ். கோமாளி பேசுவது பூராவும் லாண்டரி கவுண்டர். ரெண்டும் முட்டிக்கொள்கிற இடத்தில்தான் சிரிப்பு. ராஜா ஒரு வார்த்தை இறங்கிப் பேசிவிட்டால் போச்சு. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை இல்லை. எனக்குத் தெரிந்த நல்ல தமிழெல்லாம் அந்த ராஜா போட்ட பிச்சைதான்.

திடீரென்று சித்தப்பாவுக்குத் தொண்டையில் ஆபரேஷன். ஒரு மாதம் பேசக்கூடாது. நூலகக் கூடத்தில் அடுத்த ஞாயிறு ஆட்டம் ஏற்கெனவே ஒத்துக்கொண்டாகிவிட்டது.

"ரெண்டு குரலையும் நானே பேசிடறேங்க" என்றாள் சித்தி.

சித்தப்பா சிலேட்டில் எழுதிக் காட்டினார்: 'யாரும் சிரிக்கலைன்னா, எனக்குக் குரல் வர்ற வரைக்கும் ஆட்டத்தை மூட்டை கட்டிடணும்.'

"எழுத்துலகூட உங்க குரல் கரகரங்குது" என்றாள் சித்தி. ஆனால் ஆட்டத்தன்று மதியம் தட்டில் வைத்த சோறு அப்படியே இருந்தது.

கூடம் நிறைந்துவிட்டது. பத்து நிமிஷம் போயும் ஒரு பல் தெரியவில்லை.

"எமது வெண்கொற்றக் குடை நிழலில் இவ்வையகமே துயில்கிறது!" என்றார் ராஜா.

எனக்குப் பொறுக்கவில்லை. கடைசி வரிசையிலிருந்து, கிழவர் குரலில், இருமலோடு சேர்த்து ஒரு சிரிப்பை எடுத்துவிட்டேன். பதற்றத்தில் கோமாளி பதில் சொல்வதற்கு முன்னாலேயே சிரித்துத் தொலைத்தேன். தலைகள் எல்லாம் திரும்பின. திரையில் பொம்மைகள் அசையவில்லை. கெடுத்தேன் காரியத்தை.

ராஜா மெல்லத் திரும்பினார். "யாம் உரைக்கும்போதே நகைத்தவன் எவன்?"

கோமாளி குனிந்தான். "கோவிச்சுக்காதீங்க ராஜா. பெரியவருக்கு அஞ்சு மணிக்கு பஸ்ஸு. இப்பவே சிரிச்சு முடிச்சிட்டா நிம்மதியா கிளம்பிடுவாரு."

கூடமே குலுங்கியது.

"அப்பேருந்தைச் சிறை செய்க!"

"செஞ்சிடலாம் ராஜா. கண்டக்டருக்குச் சில்லறை இருக்குதா?"

அதற்கப்புறம் சித்தி தொட்டதெல்லாம் சிரிப்பு. ராஜா மட்டும் ஒரு இம்மி இறங்கவில்லை. ஒற்றைத் தொண்டை! ஓரத்து நாற்காலியில் சித்தப்பா சத்தமே இல்லாமல் குலுங்கிக்கொண்டிருந்தார். மடியில் சிலேட்டு, துடைத்துச் சுத்தமாக.

பொம்மைகளைப் பெட்டியில் அடுக்கும்போது அப்பாவியாக முகத்தை வைத்துக்கொண்டு கேட்டேன்.

"யாரு சித்தி அந்தக் கிழவரு?"

சித்தி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அடி கழுதை, கடைசியில ரெண்டு இருமல் வச்ச அந்தச் சிரிப்பு நான் கிழட்டு மந்திரி பொம்மைக்குச் செஞ்சது. அதைத் திருடிக்கிட்டுப் போனவ, எந்த இடத்துல சிரிக்கணும்னும் கேட்டுக்கிட்டுப் போயிருக்கலாம்ல?"