சுல்மீராவின் வெள்ளை விரிப்புகள்

சாவோ பாவ்லோவின் கரும்புக் காட்டில் சுல்மீரா இருபத்திரண்டு வருஷம் கரும்பு வெட்டினாள். வெட்டுக்கு முன் கரும்பின் காய்ந்த இலைச் சோகைக்குத் தீ வைப்பார்கள். சீசன் முழுக்க ஊர்மேல் கரித்தூள் பெய்யும். கொடியில் காயும் துணியெல்லாம் கறுத்துப்போகும். அந்தத் தீயை அவள் திட்டாத நாளில்லை.

பிறகு அறுவடை இயந்திரம் வந்தது. பச்சைக் கரும்பையே அது விழுங்கியது. தீ நின்றது. கூடவே எண்பது பேர் வேலையும் நின்றது.

மிஞ்சியது ஒரே வேலை. இயந்திரத்தின் கத்தி உடையாமலிருக்க, அதற்கு முன்னால் நடந்து கல் பொறுக்க வேண்டும். பன்னிரண்டு பேருக்குத்தான் இடம்.

ஒரு நாள் காலை கங்காணி வல்டெசீர் சர்க்கரை ஆலையின் போட்டோக்காரரோடு வந்தான்.

"அக்கா, கொடியில வெள்ளை விரிப்பு ஆடணும். பக்கத்துல நீ சிரிச்சுக்கிட்டு நிக்கணும். கரி விழாத ஊருன்னு காலண்டர் போடுறாங்க."

"நின்னா?"

"கல் பொறுக்குற பட்டியல்ல உன் பேரு."

வேலிக்கு அப்பாலிருந்து இவோனி கத்தினாள். அவளும் வேலை போனவள்தான். "சிரிச்சுத் தொலையேன்க்கா! உன் பல்லு என்ன தேய்ஞ்சா போயிரும்?"

வீட்டில் பீன்ஸ் டப்பா காலி. சுல்மீரா விரிப்புகளைக் கொடியில் போட்டு நின்றாள்.

"நல்லா சிரிங்கம்மா," என்றார் போட்டோக்காரர். "இப்பதானே நிம்மதியா மூச்சு விடுறீங்க?"

அவளுக்குச் சுரீரென்றது.

"மூச்சா? இருபத்திரண்டு வருஷம் கரியை இழுத்தேனே, அப்ப எங்கய்யா போச்சு உன் கேமரா?"

விரிப்புகளை உருவி வேலிமேல் எறிந்தாள். உள்ளே போய் வெட்டுக்காரி உடுப்பைக் கொண்டுவந்தாள்: வெளுக்கவே வெளுக்காத சட்டை, கரும்புச் சாறு ஏறி விறைத்த கையுறை, கத்தி பட்டுப் பிளந்த முழங்கால் காப்பு. ஒவ்வொன்றாகக் கொடியில் மாட்டினாள்.

"இதைப் படம் எடு. இதையும் துவைச்சுத்தான் பார்த்தேன்."

"உனக்குப் பைத்தியமா? பேரை அடிச்சிருவேன்!" என்றான் வல்டெசீர்.

"அடி! என் சோத்தைப் பிடுங்குன மிஷினுக்கு நான் கல்லும் பொறுக்கணும், இளிக்கவும் இளிக்கணுமா?"

வல்டெசீரும் போட்டோக்காரரும் வேலிப் பக்கம் திரும்பினார்கள். அங்கே இவோனி விரிப்பின் நுனியைப் பிடித்தபடி நின்றாள்.

"அக்கா... இதை இரவல் தர்றியா?"

சுல்மீரா அவளையே முறைத்தாள். இவோனிக்கு மூன்று பிள்ளைகள்.

"எடுத்துட்டுப் போடி. அழுக்காக்காம திருப்பிக் கொடு."

வருஷக் கடைசியில் ஆலை வீட்டுக்கு வீடு காலண்டர் கொடுத்தது. அதில் இவோனி சிரிக்கிறாள். பின்னால் சுல்மீராவின் விரிப்பு. சுல்மீரா காலண்டரை நாலாகக் கிழித்து முற்றத்து அடுப்பில் போட்டாள். எரிந்த தாளின் கரித்துணுக்கு ஒன்று எழும்பி, கொடியில் காய்ந்த விரிப்பில் போய் ஒட்டியது. அவள் அதைத் தட்டிவிடவில்லை.