தார் முடிகிற இடம்

நான் இருக்கும் போர்ச்சுகல் கிராமத்தில் சனிக்கிழமை காலையானால் ஒரு வேடிக்கை நடக்கும். நகரத்திலிருந்து காரின் முதுகில் சைக்கிளைக் கட்டிக்கொண்டு ஆட்கள் வருவார்கள். கண்ணாடி மாதிரி தார்ச்சாலையில் வந்து, காரை ஓரங்கட்டி, சைக்கிளை இறக்கி, பக்கத்திலிருக்கும் மண்பாதையில் ஓட்டிக்கொண்டு போவார்கள். மத்தியானம் முதுகெல்லாம் சேறு தெறிக்க, வாயெல்லாம் பல்லாகத் திரும்புவார்கள். அந்தச் சேற்றைக் கழுவுவது என் வேலை. வந்த புதிதில், பாவம், வழி தெரியவில்லை போலிருக்கிறது என்று ஒருவரை நிறுத்தி, தார்ச்சாலை அந்தப் பக்கம் இருக்கிறது என்று கையைக் காட்டினேன். அவர் சிரித்துத் தலையாட்டிவிட்டு மறுபடியும் மண்ணிலேயே போனார். இந்த ஊர்க்காரர்களுக்கு எல்லாம் இருக்கிறது, ரோடு பார்க்கத்தான் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

சைக்கிள் வாடகைக் கடை எலேனா அம்மாவுடையது. ஐம்பதைத் தாண்டியவர், ஆனால் மேட்டில் மிதித்தால் நான் பின்னால்தான். பத்தாம் வகுப்பில் இங்கிலீஷ் என்னைக் கைவிட்டது. பதிலுக்கு நானும் அதைக் கைவிட்டேன். அப்படிப்பட்ட எனக்கே அவர் கடைப் பலகையில் ஒரு சொல் பழக்கமானதாக இருந்தது: கிராவல். கள்ளக்குறிச்சிப் பக்கத்து ஆளுக்கு இதை யாராவது சொல்லித்தர வேண்டுமா? மழைக்கு முன்னால் லாரியில் கொண்டுவந்து கொட்டி, மழைக்குப் பின்னால் காணாமல் போகுமே, அந்தக் கிராவல்தான். கடையில் ரிப்பேர் பார்க்கும் ருய் ஒருநாள், இந்தியாவில் ஹாரன் சத்தமில்லாத பாதை ஒன்றாவது உண்டா என்று கேட்டுச் சிரித்தான். எனக்குச் சுருக்கென்றது. சின்னசேலம் பக்கம் எங்கள் ஏரிக்கரையில் ஏறினால், வாய்க்கால் கரை, வண்டிப்பாதை என்று கல்வராயன் மலையடிவாரம் வரைக்கும் ஒரு லாரிகூடக் கண்ணில் படாது என்று அடித்துவிட்டேன். எலேனா சிரிக்கவில்லை. குளிர்காலத்தில் போர்ச்சுகலில் மழை பிடித்தால் கடைக்கு வேலையில்லை. அப்போது வாடிக்கையாளர்களை அழைத்துப்போக ஒரு வெயில் தேசம் தேடிக்கொண்டிருந்தார். “காட்டு. எனக்குப் பிடித்தால் வருஷா வருஷம் நீதான் வழிகாட்டி” என்றார். பிடிக்காவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை. வாளியும் பிரஷ்ஷும் மூலையில் இருந்தன, அவை சொல்லின.

தை மாதம் இரண்டு பேரும் இரண்டு சைக்கிளோடு எங்கள் ஊரில் வந்து இறங்கினோம். அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“இன்னாடா இது? எதிர்வூட்டுப் புள்ள சிங்கப்பூர்லேர்ந்து வந்து கார்ல சுத்திக்கினு கீறான். நீ இன்னாடான்னா அந்தம்மாவயும் சைக்கிள் மிதிக்க வெச்சிக்கினு வந்து நிக்கிற. வேல போயிடுச்சா?”

“போவலம்மா. வேலையே இதான்.”

“இதுக்கு ஏரோப்ளேன் வேறயா” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். தெருவுக்குக் கேட்கும்படி, அந்தம்மாவுக்கு டாக்டர் சைக்கிள் மிதிக்கச் சொல்லியிருக்கிறாராம், சர்க்கரையாம் என்று அவளே ஒரு கதையும் கட்டினாள். எலேனாவுக்கு அன்று முழுக்கச் சர்க்கரையில்லாத காப்பிதான் கிடைத்தது.

மறுநாள் விடிந்ததும் ஏரிக்கரையில் ஏறினோம். நான் பொய் சொல்லவில்லை ஐயா. ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் மக்காச்சோளம், கரை நெடுகப் பனைமரம், சக்கரத்துக்கடியில் சரளை நறநறவென்று பேசிக்கொண்டே வந்தது. மரவள்ளிக் காட்டைத் தாண்டியதும் மலை எதிரே நீலமாக வந்து நின்றது. இதே வண்டிப்பாதையில் கரும்பு வண்டிக்குப் பின்னால் ஓடி ஓடிக் கரும்பை உருவியவன் நான். அப்போது ஒருநாளும் இந்த மலையை நிமிர்ந்து பார்த்ததில்லை. எலேனா நிறுத்தி, கண்ணை மூடி, காதைக் கொடுத்தார். தூரத்தில் ஒரு மோட்டார் ஓடியது. ஆட்டு மணி கேட்டது. வேறொன்றுமில்லை. ருய்யின் முகம் எனக்கு ஞாபகம் வந்தது, மனசுக்குள் அதற்கு ஒரு கும்பிடு போட்டேன். ஒரே ஒரு வித்தியாசம். போர்ச்சுகல் மண்பாதையில் எதிரே வருகிறவர் போம் தியா என்று ஒரு வணக்கத்தோடு போய்விடுவார். இங்கே களை எடுக்கிறவர், மாடு மேய்க்கிறவர் எல்லாரும் நிறுத்தி, யார் வீட்டுப் பிள்ளை, எங்கே போகிறீர்கள், சாப்பிட்டீர்களா என்று கேட்டார்கள். இவர்களை எல்லாம் உனக்குத் தெரியுமா என்றார் எலேனா. எல்லாரும் என் மாமன் மச்சான் என்றேன். நம்பினார்.

வாய்க்கால் கரையில் எதிரே ஒரு குட்டியானை வந்தது. நான்கு சக்கரம் வைத்த குட்டியானை, முதுகில் மரவள்ளிக் கிழங்கு. ஓட்டிவந்தவர் இறங்கினார். பெயர் கொளஞ்சி, பக்கத்து ஊர் விவசாயி. எலேனாவின் முழங்காலில் ஒட்டியிருந்த மண்ணைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது.

“இன்னா தம்பி, ஊருக்கு வந்தவங்கள இந்தப் பாதைலயா இட்டுக்கினு வருவ? அந்தாண்ட தார் ரோடு போட்டுகிதே, தெரியாதா?”

“தெரியும்ணே. அவங்களுக்கு மண்ணு ரோடுதான் புடிக்கும்.”

“புடிக்குமாம்ல. நீ இட்டாந்து வுட்டுட்ட, அவங்க மரியாதைக்குச் சொல்றாங்க.”

வண்டியில் ஏற்ற அவர் சைக்கிளில் கை வைத்ததும், எலேனா சிரித்துக்கொண்டே வேண்டாம் வேண்டாம் என்று கையசைத்தார். அங்கேதான் காரியம் கெட்டது. எங்கள் பக்கம் விருந்தாளி முதலில் வேண்டாம் என்றுதான் சொல்வார். இன்னொரு இட்லிக்கும் வேண்டாம், காப்பிக்கும் வேண்டாம். அதை நம்பி வைக்காமல் விட்டவனை ஊர் மனிதனாகவே மதிக்காது. எலேனா எவ்வளவு அழுத்தி வேண்டாம் என்றாரோ அவ்வளவு வேகமாகக் கொளஞ்சி அண்ணன் சைக்கிளைத் தூக்கிக் கிழங்கு மேல் படுக்கவைத்துக் கயிறு கட்டினார். எலேனாவை முன்னால் உட்காரவைத்து, மடியில் ஒரு கட்டு அவித்த பனங்கிழங்கையும் வைத்தார். நான் சைக்கிளோடு சைக்கிளாகப் பின்னால் ஏறினேன். என் வழிகாட்டி உத்தியோகம் கிழங்கு மேல் குலுங்கிக்கொண்டு போனது.

தார்ச்சாலையில் கொண்டுபோய் இறக்கினார். டிராக்டர் ஒன்று பாட்டுப் போட்டுக்கொண்டு கரும்போடு போனது. பின்னாலேயே பஸ், ஹாரன் அடித்துக்கொண்டே. ருய் சொன்னது எல்லாம் வரிசை கட்டி வந்தது. கொளஞ்சி அண்ணனோ சாலையைத் தன் வயலைக் காட்டுகிற மாதிரி காட்டினார்.

“இதான் ரோடு. எங்க ஊர்ப் பொம்பளைங்க கொழந்தையோட வந்து பஸ்ஸ மறிச்சி உக்காந்துகினு வாங்குன ரோடு. பிரசவத்துக்கு கட்டில்ல தூக்கிக்கினு போன காலம் போச்சுன்னு சொல்லு அந்தம்மாகிட்ட.”

என்ன சொல்கிறார் என்று எலேனா கேட்டார். மாற்றிச் சொல்ல ஆயிரம் வழி இருந்தது. எனக்குப் பொய் வராது என்றில்லை, நன்றாகவே வரும். ஆனால் அன்றைக்குக் கொளஞ்சி அண்ணன் சொன்னதை அப்படியே சொன்னேன். போர்ச்சுகலில் ஒருவரை நிறுத்தித் தார்ச்சாலையைக் காட்டினேனே, அப்போது என் முகமும் இப்படித்தான் இருந்திருக்கும்.

எலேனா பனங்கிழங்கைக் கடித்து முடித்தார். நாரைத் துப்புவது எப்படி என்று கொளஞ்சி அண்ணனே காட்டினார். பிறகு எலேனா சைக்கிளில் ஏறி, அந்தத் தார்ச்சாலையில், அண்ணன் பார்த்துக்கொண்டிருக்க, மணியடித்துக்கொண்டே ஊர் முடியும் வரை மிதித்தார். நானும் பின்னால். ஊர் எல்லையில் தார் கோணலாக ஒடிந்து நிற்கிறது; அதற்கப்பால் மலையடிவாரம் வரைக்கும் கிராவல். அங்கே நிறுத்தி மூச்சு வாங்கினார்.

“இந்தத் துண்டும் நம் பாதையில் இருக்கட்டும். வருகிறவர்களுக்கு அவர் சொன்னதை நீ சொல்” என்றார்.

அப்படித்தான் உத்தியோகம் கிடைத்தது. அம்மாவுக்கு இன்னும் பிடிபடவில்லை. ஆனால் இந்தத் தையில் வந்த கூட்டத்தைப் பார்த்துவிட்டு, அத்தனை பேருக்கும் சர்க்கரையா என்று கேட்ட எதிர்வீட்டுக்காரியிடம், “என் புள்ளதான் அவங்களுக்கு வழி காட்டுறான்” என்று சத்தமாகவே சொன்னாளாம்.

அன்று ஊர் எல்லையில் எலேனா எடுத்த படம் போர்ச்சுகல் கடைச் சுவரில் மாட்டியிருக்கிறது. சைக்கிளோடு நான் நிற்கிறேன். ஒரு சக்கரம் தாரில், ஒரு சக்கரம் கிராவலில். நீ ஊருக்குள் போகிறாயா, ஊரை விட்டுப் போகிறாயா என்று ருய் கேட்டான். அருகில் போய்ப் பார்த்தேன். சைக்கிளைக் குறுக்காகத் திருப்பி நின்றுகொண்டு, காமிராவைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன்.